மம்பட்டியில் ஒட்டிய மண்

தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு செடி தாகத்தில் சாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் மாதேஸ்வரி சிரித்திருப்பாள். இப்போது அவளுடைய தக்காளிக் காட்டின் பள்ளத்து மூலையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி வெயில் ஏறியதும் தலையைத் தொங்கப்போட்டது. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று அவள் இன்னும் பாய்ச்சினாள். அடியிலைகள் மஞ்சளாயின. அதுவும் ஒரு பக்கம் மட்டும், கை கால் விழுந்த மனுஷனைப் போல.

இந்த வெள்ளாமையை நம்பித்தான் அவள் நிலமே இருந்தது. புருஷன் முனிராஜ் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். சுற்றியிருந்த காடுகளுக்கெல்லாம் கம்பி வேலி விழுவதைப் பார்த்து அவனும் நிலத்தை விற்கப் புரோக்கரிடம் பேசிவிட்டான். மாதேஸ்வரி சண்டை போட்டு ஒரே ஒரு போகம் தவணை வாங்கினாள். தக்காளி கைகொடுத்தால் நிலம் நிற்கும். இல்லையென்றால் அவளும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அவள் வாயாலேயே ஒத்துக்கொண்ட பேச்சு அது.

வாடிய செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு, சூளகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அசோக்குமாரிடம் கொண்டுபோனாள். அவன் தண்டை நெடுக்காகப் பிளந்தான். வெளுப்பாக இருக்க வேண்டிய உள்பக்கத்தில் டீக்கறை மாதிரி ஒரு கோடு ஓடியது.

"வாடல் நோய்தான்க்கா. பூஞ்சாணம். மண்ணுல கெடக்கும். வேர்ல வெட்டுக்காயம் பட்டா அது வழியா உள்ள பூந்து, தண்ணி ஏறுற குழாயில வளந்து அடைச்சிரும். நீ எவ்ளோ தண்ணி உட்டாலும் மேல ஏறாது."

"மருந்து குடு."

"உள்ள பூந்தப்பறம் எந்த மருந்துக்கும் கேக்காது. வாடுனதப் புடுங்கி எரிச்சிரு. முன்ன உன் காட்டுல இது இருந்ததில்ல இல்ல? அப்ப வெளிய இருந்துதான் வந்திருக்கும். நாத்துல வரும், கால் சேத்துல வரும், மம்பட்டியில ஒட்டுன மண்ணுல வரும். வேற காட்டுல வேலைக்குப் போனியா?"

"போனேன்" என்றாள் மாதேஸ்வரி.

அவர்கள் பக்கத்தில் முய்யாள் வழக்கம் உண்டு. இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. கூலிப் பேச்சே கிடையாது. கூலியாட்களைக் கம்பெனி பஸ்கள் ஏற்றிக்கொண்டு போனபிறகு மிச்சமிருந்த பெண்களுக்கு அதுதான் கதி. மம்பட்டி அவரவருடையது. பக்கத்துக் காட்டு வெங்கடம்மா கூப்பிட்டாள் என்று மாதேஸ்வரி போய்ச் செடிகளுக்கு மண் அணைத்தாள், மதியம் அவள் போட்ட களியை வயிறாரத் தின்றாள். மறுநாள் அதே மம்பட்டியால், ஒட்டிய மண்ணைக்கூட உதறாமல், தன் காட்டில் மண் அணைத்தாள். அணைக்கும்போது வேர் அறுபடாமல் இருக்குமா? காயத்தைப் போட்டதும் அவளே, அதில் விஷத்தைத் தடவியதும் அவளே. வேலியில் போன ஓணானை, ஓணான் என்றே தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வெங்கடம்மாவிடம் போனாள்.

"அன்னிக்கே உங்காட்டுல வாடல் இருந்துச்சாக்கா?"

வெங்கடம்மா களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. "கொஞ்சம் செடிதான். நீ வர்றதுக்கு முன்னயே புடுங்கிட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்திருப்பியா? வெளிய தெரிஞ்சா தக்காளி எடுக்கற யாவாரி பாய்தான் எங்காட்ட எடுத்திருப்பாரா?"

"சோத்தப் போட்டு சாவக் குடுத்து அனுப்பியிருக்கற. நீயெல்லாம் நல்லாருப்பியா?" என்று மாதேஸ்வரி காறித் துப்பிவிட்டு வந்தாள். மம்பட்டியைக் கழுவியிருப்பேனே பாவி, ஒரு வார்த்தைதானே என்று வழியெல்லாம் வயிறெரிந்தாள்.

வாடியதையெல்லாம் பிடுங்கி எரித்தாள். மறுநாள் குருபரப்பள்ளி வியாபாரி அப்துல் சலாம் வந்தார். காட்டு வெள்ளாமையையே மொத்தமாகப் பேசி எடுக்கிறவர். வெறிச்சோடிக் கிடந்த மூலையில் அவர் கண் போனது.

"அங்க என்னம்மா ஆச்சு?"

"பன்னி பூந்துருச்சு பாய்."

அவர் ஒரு காயைப் பறித்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது, இந்தப் போகம்தான் புதிதாகத் தக்காளி வைத்திருந்த முனிலட்சுமி வரப்பிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்கு மண் அணைக்கணும். மம்பட்டி எடுத்துட்டு வந்துரு. வெங்கடம்மாக்காவும் வருது."

என்னைக் கூப்பிடாதே, வெங்கடம்மாவையும் உள்ளே விடாதே என்று சொல்ல வேண்டும். அப்துல் சலாம் பக்கத்திலேயே நின்றார்.

"வரேன்" என்றாள் மாதேஸ்வரி.

வெள்ளிக்கிழமை முதல் பறிப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அது வரைக்கும் வாயை மூடிக்கொண்டால் நிலம் தப்பிக்கும். மாதேஸ்வரி மம்பட்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். காலையும் கல்லில் உரசிக் கழுவினாள். தன் பங்குக்குப் பாவமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தனக்கு மிஞ்சித்தானே தர்மம்.

மறுநாள் வெங்கடம்மா வந்தாள். அவளுடைய மம்பட்டியில் மண் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. மாதேஸ்வரியின் பளபளத்த மம்பட்டியை அவள் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசைப் பாரில் இறங்கிக் கொத்தினாள். மாதேஸ்வரி அடுத்த பாரில் இறங்கினாள்.

மதியம் முனிலட்சுமி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்தாள். "இன்னொரு உருண்ட வைக்கட்டாக்கா? நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள்.

மாதேஸ்வரி தட்டை நீட்டினாள்.