குளிப்பாட்டப் போனவள்

ஷப்னாவின் உம்மா கொரோனாக் காலத்தில் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். மையித்தைக் குளிப்பாட்டவும் இல்லை, கபன் துணி சுற்றவும் இல்லை. அன்றைய உத்தரவுப்படி, அடக்க விடாமல் எரித்துவிட்டார்கள். சிலாவத்துறையில் இருந்த ஷப்னாவுக்குத் தகவல் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் குளிக்கும்போதெல்லாம் கதவுக்கு வெளியே உம்மா நின்றார். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருப்பவரைப் போல. கதவிடுக்கில் தெரிவார். கதவைத் திறந்தால் வெறும் முற்றம்தான். கணவன் அஸ்மியிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. அவசரமாகக் குளித்துவிட்டு, ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருவாள். நாலு வருடம் இப்படியே போயிற்று.

பெண் மையித்துகளைக் குளிப்பாட்ட ஆள் போதவில்லை என்று ஒருநாள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அந்த வேலையைப் பார்த்துவந்த ஸுஹறா, ஷப்னாவோடு ஒன்றாகப் படித்தவள். ஷப்னா அவளிடம் போய்ப் பெயரைக் கொடுத்தாள். பயமில்லையா என்று ஸுஹறா கேட்டாள். இருக்கிறது என்றாள் ஷப்னா.

மூன்று கிழமை கழித்து, பக்கத்து ஊரான முசலியிலிருந்து அழைப்பு வந்தது. இறந்தவருக்கு எழுபது வயது. ஒரே மகள் பர்ஸானா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள்; வர முடியவில்லை.

சீலையால் மறைத்த அறையில், வலது பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னாள் ஸுஹறா. ஷப்னா தண்ணீரை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோது மறைப்போரம் உம்மா நின்றார். அதே துவாய். அள்ளிய தண்ணீர் நிலத்தில் கொட்டியது.

"ஏலாதெண்டா வெளியில போ. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள் ஸுஹறா.

"இல்லை. நான்தான் ஊத்துவன்."

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளிலும், மெலிந்த கையிலும், விரலிடுக்குகளிலும் ஷப்னா மெதுவாக ஊற்றினாள். தலைமுடியைக் கழுவிப் பின்னினாள். கபனைச் சுற்றிக் கட்டி முடித்தபோது அவளுடைய உடுப்பு வியர்வையில் தோய்ந்திருந்தது. மறைப்போரம் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

பின்னேரம் பர்ஸானா அழைத்தாள். குளிப்பாட்டியவரோடு பேச வேண்டும் என்றாளாம். போன் ஷப்னாவின் கைக்கு வந்தது.

"உம்மாவுக்குத் தண்ணி குளிரா இருந்திச்சா?"

"இல்லை தங்கச்சி. இளஞ்சூடு. கையை வச்சுப் பாத்துத்தான் ஊத்தினனான்."

"தலையைப் பின்னினீங்களா?"

"ஓம். மூண்டு பின்னல்."

பர்ஸானா அழத் தொடங்கினாள். ஷப்னா போனை வைக்கவில்லை. எந்தக் கையை முதலில் கழுவினாள், முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய குரலும் உடைந்தது. இருவரும் அழுது ஓய வெகுநேரமாயிற்று.

போகும்போது, அடுத்த மையித்துக்கும் தன்னைக் கூப்பிடும்படி ஸுஹறாவிடம் சொல்லிவிட்டு ஷப்னா ஆட்டோவில் ஏறினாள்.