587ஆம் வாசல்

"பிள்ளை, மெயில் போகுதில்லை."

ஒவ்வொரு நாள் காலமையும் இதே பல்லவிதான். "நேற்றுத்தானே அங்கிள் சரிபண்ணித் தந்தனான்?" எண்டு நானும் சினந்துகொண்டுதான் தொடங்குவன்.

அரியரத்தினம் அங்கிள் பொயிண்ட் குக்கில, வீட்டில இருந்தே எங்கட கொம்பனிக்குக் கணக்குப் பாக்கிறவர். நான் நிரூபா. கிளென் வேவர்லியில வீட்டில இருந்து அதே கொம்பனியின்ர மெயில் சேர்வரைப் பாக்கிறன். ஒஃபீஸ் சிட்னியில, ஸ்ட்ராத்ஃபீல்டில. அங்கிளை நான் நேரில கண்டதேயில்லை.

முந்தி ஆரும் வீட்டில இருந்து பாஸ்வேர்ட் இல்லாமலே எங்கட சேர்வரால மெயில் அனுப்பலாம். எவனோ ஒரு கள்ளன் அந்த வழியால பூந்து, எங்கட பேரில ஊருலகமெல்லாம் லொத்தரில காசு விழுந்திருக்கெண்டு மெயில் அனுப்பிப்போட்டான். அதோட அந்த வாசலைப் பூட்டினன். இனி 587 எண்ட இலக்க வாசலால, பேரும் பாஸ்வேர்டும் காட்டி, இடையில ஒருத்தரும் வாசிக்கேலாதபடி மறைச்சுத்தான் அனுப்பவேணும். எல்லாரும் உடன மாறிட்டினம். அங்கிளின்ர கொம்பியூட்டர் மட்டும் விடிஞ்சால் பழைய இலக்கத்தில நிக்கும்.

"செட்டிங்ஸைத் திறவுங்கோ அங்கிள்."

"பொறும் பிள்ளை, கதிரையை இழுத்துப்போடுறன். உங்க குசினியில என்ன சத்தம்? குக்கரோ?"

"பருப்பு. இலக்கத்தைப் பாருங்கோ."

"ஒரு ஆளுக்கு எதுக்குக் குக்கர்?"

எரிச்சல் பத்திக்கொண்டு வரும். இந்த வீடு மகள் வினுஷாவின்ர பள்ளிக்கூடத்துக்காக வாங்கினது. அவள் படிச்சு முடிச்சுக் கன்பராவுக்குப் போட்டாள். மனுசன் டிவோர்ஸ் எடுத்துக்கொண்டு அதுக்கு முதலே போட்டார். சில நாள் இந்த வீட்டில கேக்கிற ஒரே குரல் அங்கிளின்ரதான். அதை நினைச்சால் இன்னும் கூட எரிச்சல் வரும்.

ஒரு நாள் நான் வாய் திறக்க முதலே, "ஐஞ்சு எட்டு ஏழு, பிறகு பேர், பிறகு பாஸ்வேர்ட்" எண்டு மடமடவெண்டு சொல்லிப்போட்டு, டக்கெண்டு பேச்சை நிப்பாட்டினார்.

ஓகோ! தானே பழைய இலக்கத்துக்கு மாத்திப்போட்டுத்தான் கோல் எடுக்கிறார்.

அவற்ற மனுசி நாகேஸ்வரி அன்ரி மகளின்ர பிள்ளையைப் பாக்கக் கனடாவுக்குப் போனவ, திரும்பி வாற யோசனையே இல்லை. அட மனுசா எண்டு சிரிப்பு வந்தது. கண்டுபிடிச்சதை நான் காட்டிக்கொள்ளேல்லை.

அந்தக் கிழமையே சிட்னியில இருந்து மனேஜர் சேஷாத்ரி எடுத்தார். நான் பாக்கிற ஹெல்ப் டெஸ்குக்கு வாற ஒவ்வொரு கோலும் அவருக்கு ரிப்போர்ட்டாப் போகும். "பாதி கோல் அரியரத்தினத்தோடதுதான் நிரூபா. ஒரு மெயில் அனுப்பத் தெரியாதவரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இன்னும் ரெண்டு கோல் வந்தா, கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டேன்."

வேற வழியில்லை. அங்கிளின்ர செட்டிங்ஸை அவர் கையே வைக்கேலாதபடி இங்கயிருந்து பூட்டிப்போட்டன். அவற்ற வேலை தப்பிச்சுது.

ஃபோனும் நிண்டுபோச்சு. காரணமில்லாமல் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குக் கோல் எடுக்கிறது மரியாதையில்லை எண்டு நினைக்கிற ஆள் அவர். குக்கர் கூவும், ஒருத்தரும் என்ன சத்தம் எண்டு கேக்கமாட்டினம். நான் வைச்ச பூட்டு எனக்கும் சேர்த்துத்தான் எண்டு விளங்க நாள் எடுத்தது. தாங்கேலாமல் போச்சு.

ஹெல்ப் டெஸ்க் லைனை விட்டிட்டு என்ர சொந்த ஃபோனில எடுத்தன்.

"ஐயோ பிள்ளை, நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை!" மனுசன் பயந்துபோனார்.

"இல்லை அங்கிள். என்ர மெயில் போகுதில்லை."

அந்தச் சேர்வரைக் கட்டினவளே நான்தான் எண்டு அவருக்குத் தெரியும். ஒரு கேள்வி கேக்கேல்லை. தொண்டையைச் செருமினார்.

"அவசரப்படாதையும் பிள்ளை. முதல்ல கதிரையை இழுத்துப்போட்டு இரும். இருந்திட்டீரோ?"

"ஓம்."

"இனிச் செட்டிங்ஸைத் திறவும்."

"மெதுவாச் சொல்லுங்கோ அங்கிள்," எண்டன். "எனக்கு ஒண்டும் தெரியாது."