லேடெக் ஏறாத லேப்டாப்

பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் பொற்கொடிக்குப் புதன்கிழமை ஓர் ஆய்விதழிலிருந்து வந்த மின்னஞ்சல் மிகவும் மரியாதையாகத்தான் இருந்தது. அவளுடைய ஆய்வுக் கட்டுரை பிடித்திருக்கிறதாம். ஆனால் வேர்டில் அனுப்பினால் ஏற்க முடியாதாம்; லேடெக்கில் அமைத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டுமாம். சமன்பாடுகளை அச்சுப் புத்தகம் போல அழகாக வரிசைப்படுத்தித் தரும் மென்பொருள் அது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தொடாமலே ஓய்வு பெற்றுவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

அன்று மாலையே பொள்ளாச்சியில் ஆனைமலை ரோட்டில் இருந்த வீட்டில் உட்கார்ந்து இன்ஸ்டால் செய்தாள். பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்து, முடியப்போகும் நேரத்தில் நின்று, சிவப்பு எழுத்தில் ஏதோ திட்டியது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போட்டாள். நீக்கிவிட்டு மறுபடி போட்டாள். எப்படிப் போட்டாலும் அதே இடத்தில் அதே திட்டு.

அவள் கணவன் பாலுசாமி கொப்பரை வியாபாரி. எட்டிப் பார்த்து யோசனை சொன்னான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு அம்மணி. எங்க களத்துல மட்டை உரிக்கிற மிஷினெல்லாம் அப்படித்தான் வழிக்கு வரும்."

"ஏனுங்க, இது மிஷினு இல்லீங்க."

"பின்னே என்னவாமா?"

ஆஃப் செய்து ஆன் செய்தாள். திட்டு மாறவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் பக்கத்து மேசை நிதா அவள் முகத்தைப் பார்த்தாள். நிதா பொற்கொடியைவிடச் சின்னவள். தன் ஆராய்ச்சி முழுவதையும் லேடெக்கிலேயே முடித்தவள். அதை யாரும் கேட்காமலே சொல்கிறவளும்கூட.

"என்னங்கக்கா, லேடெக்குங்களா?"

"எப்படிக் கண்டுபுடிச்சே கண்ணு?"

"மொத தடவ போடறவங்களுக்கு இந்த மூஞ்சிதானுங்க வரும். இங்க குடுங்க." சிவப்பு எழுத்தை நிதா உற்றுப் பார்த்தாள். "இது என்ன சொல்லுதுன்னு படிச்சீங்களா?"

"திட்டறதையெல்லாம் எதுக்குப் படிக்கோணும்?"

"காரணம் அதுலதானுங்க இருக்குது. C டிரைவ், அப்புறம் யூசர்ஸ், அதுக்கப்புறம் வெறும் கேள்விக்குறியா வருது பாருங்க. உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர் இங்கிலீஷ்ல இல்லீங்க. இந்த இன்ஸ்டாலருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியல."

"இங்கிலீஷ்லதான் இருக்குது. தொறக்கறப்ப தெனமும் பாக்கறேனே!"

"வெளிய காட்டற பேரு வேற, உள்ள ஃபோல்டர் பேரு வேறங்க."

நிதா அந்த இடத்தைத் திறந்து காட்டினாள். தெள்ளத் தெளிவான தமிழில் இருந்தது: எங்கூட்டு மகாராணி.

நிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பொற்கொடிக்கு எல்லாம் நினைவு வந்தது. லேப்டாப்பை வாங்கி வந்து முதலில் திறந்து வைத்தது பாலுசாமிதான். திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே, காலேஜுக்குக் கொண்டுபோகிற பொருளில் இதென்ன கூத்து என்று அவள் சண்டை போட்டாள். அவனும் உடனே மாற்றிக் கொடுத்தான். மாறியது வெளிப்பெயர் மட்டும். வினாத்தாள்கள், மதிப்பெண்கள், கட்டுரை எல்லாம் அன்றிலிருந்து மகாராணியின் அரண்மனைக்குள்ளேயே சேர்ந்து வந்திருந்தன.

அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் சுந்தரராஜுலு உள்ளே வந்தார். "என்னங்கம்மா, ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

பொற்கொடி மூடியைச் சாத்துவதற்குள் அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். சற்று நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கூட்டுலயும் ஒருத்தங்க இருக்காங்க. ஆனா இப்படி எழுதிப் போடற தைரியம் எனக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அதற்குமேல் நிதாவால் அடக்க முடியவில்லை. பொற்கொடிக்குக் காது வரை சூடேறியது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பேரை மாத்திப்போடு கண்ணு."

"ஃபோல்டர் பேரை மட்டும் மாத்துனா விண்டோஸ் அதைத் தேடிட்டு நிக்குமுங்க. இங்கிலீஷ்ல புதுசா ஒரு யூசரே போட்டுரலாம்."

போட்டார்கள். கட்டுரையை அங்கே கொண்டுவந்து, இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டினார்கள். பச்சைக் கோடு எங்கும் நிற்காமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஆசிரியர் அறையில் சமன்பாடுகளை மாற்றி எழுதி, முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது மறுபடி சிவப்பு. இந்தத் தடவை பொற்கொடி படித்தாள். அப்போது பாலுசாமி ஃபோன் செய்தான்.

"ஆச்சா அம்மணி?"

"எங்கீங்க ஆச்சு? டாலர் காணோமுன்னு சொல்லுது."

அந்தப் பக்கம் பாலுசாமி குரலைத் தாழ்த்தினான். "எத்தனை டாலரு? நம்ம பேங்க்காரரக் கேட்டுப் பாக்கட்டுமா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நிதா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சமன்பாட்டுக்கு இரண்டு பக்கமும் டாலர் குறி வைக்க வேண்டும், ஒன்று விட்டுப்போயிற்று, அவ்வளவுதான் என்று பொற்கொடி விளக்கினாள். "உங்ககிட்ட வேற ஒரு வெசயமும் பேசோணுமுங்க. ஊட்டுக்கு வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

குறியை வைத்ததும் பக்கங்கள் வந்தன. வேர்டில் சுமாராகத் தெரிந்த தேற்றம் இப்போது யாரோ பெரிய மேதை நிரூபித்தது போல நிமிர்ந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அனுப்பினாள்.

பொள்ளாச்சி பஸ்ஸில் வழியெல்லாம் பாலுசாமியைத் திட்ட வேண்டிய வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நின்றிருந்தவன் அவள் ஏறியதும் கேட்டான்:

"அனுப்பிப்போட்டியா? அப்படி அதுல என்னதான் எழுதியிருக்கறே?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் இதைக் கேட்டதே இல்லை. அடுக்கி வைத்த வாக்கியங்கள் எங்கோ போய்விட்டன.

"நெறைய ஊரு ரோட்டால சேர்ந்திருக்குதுன்னு வைங்க. ஒவ்வொரு ஊருக்கும் அங்கயோ, இல்லீன்னா பக்கத்து ஊருலயோ ஒரு ஆஸ்பத்திரி இருக்கோணும். கொறைஞ்சது எத்தனை வேணும், எங்கெங்க வெக்கோணும்? அந்தக் கணக்குத்தானுங்க."

பாலுசாமி ஊர் எல்லை தாண்டும்வரை யோசித்தான்.

"ஆனைமலைல ஒண்ணு வெச்சாச் சுத்துவட்டாரத்துக்கே போதுமே."

"போதும்னு நிரூபிக்கோணுமுங்க."

"நானே சொல்றேன், அப்புறம் என்ன அம்மணி நிரூபிக்கறது?"

பின்னால் உட்கார்ந்திருந்தவள் சிரித்த சிரிப்பில் வண்டி கொஞ்சம் ஆடியது.