நல்ல அண்ணன்மாருக்கு ஒரு பீப்பாய் பியர்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் மழை நின்ற நாள் ஒன்று உண்டு என்கிறார்கள். அன்று நான் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. இழுவைப் படகின் எந்திர அறையில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்ற பிறகு, மழையைக் கேட்டபடி வீட்டில் பியர் காய்ச்சுவதுதான் என் உத்தியோகம். இதுவரை பாட்டிலில்தான் அடைத்தேன். பாதி வெடித்தது. ஒரு மூடி பறந்துபோய் ஜப்பானில் இறங்கியது என்று இன்றும் நம்புகிறேன். அதனால் இந்த முறை எஃகில் ஒரு சின்னப் பீப்பாய் வாங்கினேன், கைக்குழந்தை அளவுக்கு. கூடவே நுரைக்கான கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய்.

பியர் சில்லென்று இருந்தால்தான் வாயு அதற்குள் கரையும். குறைந்த அழுத்தத்தில், நாள்கணக்கில், அவசரப்படாமல் கரைய வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் குடியேற்றினேன்.

"ஏழாம் மாசப் படையல் வரைக்கும்தான் உனக்குக் கெடு," என்றாள் என் மனைவி யூச்சின். "அன்னிக்கு ஒழுங்கா ஒரு கிளாஸ் பியர் வரலேன்னா பீப்பாய் பழைய இரும்புக்குப் போயிரும். அப்புறம் இந்த வீட்ல காய்ச்சுற பேச்சே இருக்கக் கூடாது."

"வந்துட்டா?"

"வரட்டும், பாக்கலாம் கிழவா."

இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். கசிவில்லை. கதவைத் திறந்தால் குளிர் போய்விடுமே என்று, தினமும் வெளியிலிருந்தே காதை மட்டும் வைத்துக் கேட்டேன். கடலுக்கடியில் யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல இருந்தது. அதைக் கேட்டபடியே நாற்காலியில் கண்ணயர்ந்தால் துறைமுகம் முழுக்கப் பொன்னிறமாகப் பியர் அலையடிக்கும். நுரையைக் கிழித்துக்கொண்டு என் படகு நிலாவைக் கயிறு கட்டி இழுத்து வரும்.

படையல் அன்று காலை, ஏழாம் மாதம் ஊருக்குள் வரும் ஆவிகளுக்காக எரிக்கும் காகிதப் பணம் வாங்கிக்கொண்டு சந்தையிலிருந்து திரும்பினேன். அடுப்பங்கரையில், சோறு வேகும் பாத்திரத்தின் பக்கத்தில், வெந்நீர் ஊற்றுக்கு வந்த ஆள்போல வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் பீப்பாய்.

"இது எப்ப வெளிய வந்துச்சு?"

"நேத்தே எடுத்துட்டேன். பன்னிக்கறி, கோழி, மீனெல்லாம் எங்க வைக்கறதாம்? கறி கெட்டா அவங்க கோவிச்சுக்குவாங்க. உன் பியரு கோவிச்சுக்குமா?"

அப்படியானால் நேற்று முழுக்க நான் காதை வைத்து உருகிக் கேட்டது பன்றிக்கறியின் மூச்சை!

மத்தியானமே படையல். வேறு வழி தெரியவில்லை. ரெகுலேட்டரை முடிந்தமட்டும் திருகி, பீப்பாயை மடியில் போட்டு முன்னும் பின்னும் உருட்டினேன். எந்திரம் முரண்டு பிடித்தால் அழுத்தத்தை ஏற்று. அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

சந்து முழுக்க வீட்டுக்கு வீடு மேசை போட்டிருந்தது. மலையிலிருந்து மூடுபனி இறங்கி வந்து, ஊதுபத்திப் புகையோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் நின்றது. எங்கள் மேசைக்குக் கீழே வழக்கம்போல ஒரு பேசினில் தண்ணீர், துண்டு, சீப்பு. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முகம் கழுவிக்கொள்ள வேண்டாமா? மேசை விளிம்பில் பீப்பாயை வைத்தேன்.

"அண்ணே, பேய்ங்களுக்கு டப்பா பியரு போதாதா?" என்றான் பக்கத்து வீட்டுப் போயென். சுங்கத்துறையில் இருந்தவன், எதையும் சந்தேகப்படுவான்.

"வாயைக் கழுவு! நல்ல அண்ணன்மாருன்னு சொல்லு," என்று அதட்டினாள் யூச்சின். இந்த மாதம் அவர்களைப் பேய் என்று சொல்லக் கூடாது.

குழாயைத் திறந்தேன்.

அடடா, அந்த நுரை! கிளாஸை நிரப்பி, கோழியை மூடி, அன்னாசிப் பழத்தை விழுங்கி, மேசையிலிருந்து அருவியாக இறங்கியது. குழாயை மூடுவதற்குள் மூன்றாவது வீட்டு நாய் நீந்திக் கரையேறியது. பேசினில் விழுந்த நுரை, யாரோ சவரத்துக்கு உட்கார்ந்து பாதியில் எழுந்து போனதுபோல மிதந்தது. கிளாஸில் அடங்கியது ஒரு விரல்கடை. போயென் நக்கிப் பார்த்தான்.

"குமிழியெல்லாம் தெருவுக்குப் போயிருச்சுண்ணே. கிளாஸ்ல கஷாயந்தான் இருக்கு."

யூச்சின் என்னைப் பார்க்கவே இல்லை. ஊதுபத்தி எரிந்து இறங்கியதும், அண்ணன்மார் சாப்பிட்டு முடித்தார்களா என்று கேட்க, குறி பார்க்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டை எடுத்தாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் ஆச்சு. காகிதம் எரித்து அனுப்பிவிடலாம். போட்டாள். இரண்டும் மல்லாந்தன. அதற்குச் சிரிப்பு என்று பெயர்.

மறுபடி போட்டாள். சிரிப்பு. சந்தில் மற்ற வீடுகளெல்லாம் காகிதம் எரிக்கத் தொடங்கிவிட்டன. எங்கள் மேசையில் மட்டும் விருந்தாளிகள் எழுந்திருக்கவில்லை. பனிக்குள் நிறையப் பேர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வதுபோல எனக்குத் தோன்றியது. சத்தியமாகச் சத்தமும் கேட்டது.

"என்ன வேணுமாம்?" என்றேன் மெதுவாக.

அவள் கிளாஸையும் பீப்பாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டைகளை நெற்றியில் வைத்துக்கொண்டு, பனியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. குளிர வச்சிருந்த சாமானை நாந்தான் வெளிய எடுத்துட்டேன். மாசம் முடியறதுக்குள்ள இவர் நல்லதா ஊத்துவாரு. இப்ப போயிட்டு வாங்க."

கட்டைகள் விழுந்தன. ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது.

"அப்ப பழைய இரும்பு?" என்றேன்.

"வாக்குக் குடுத்தது அவங்ககிட்ட. எப்படி மீறறது?" என்றவள் கோழியிலிருந்து நுரையை வழித்துப் போட்டாள். "பாத்துக்கிட்டே நிக்காம அந்தக் கறியெல்லாம் போயென் வீட்டு ஃப்ரிட்ஜ்ல கொண்டுபோய் அடுக்கு. உன் குழந்தைக்கு இடம் வேணுமில்ல?"

"என் வீட்லயா?" என்றான் போயென்.

"நக்கிப் பாத்தீல்ல? அதுக்கு வரி," என்றாள் யூச்சின்.