பதினேழாம் எண் மனை

சிந்துஜா ஊராருக்கு எத்தனை மனை போட்டிருப்பாள் என்று கேட்டால், ஆயிரத்துக்குக் குறையாமல் சொல்வாள். சொந்தமாக ஒன்று உண்டா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். சாரம் பகுதியில் வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

உழவர்கரையில் மனை விற்கும் தெய்வசிகாமணியிடம் அவள்தான் படம் வரைபவள். மூன்று ஏக்கர் கரும்புக் கொல்லை ஒன்று வந்ததும் கம்ப்யூட்டரில் விதிப்படி பிரித்தாள். சாலை முப்பதடிக்குக் குறையக் கூடாது. பூங்காவுக்கு இடம் ஒதுக்கி முனிசிபாலிட்டிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் அதை யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது. எல்லாம் பொருந்தியது, பதினேழாம் எண் மனையைத் தவிர. தெரு நேராக ஓடிவந்து அதன் வாசலில் முட்டியது. தெருக்குத்து!

அப்படிப்பட்ட மனையை யாரும் சீந்த மாட்டார்கள், பாதி விலைக்குத்தான் போகும். பாதி விலை என்றால் அவளாலும் வாங்க முடியும். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறை எந்தப் பக்கம் என்பது வரை முடிவு செய்துவிட்டாள். பாங்குக் கடன் வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை யாரும் கொத்திக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தெருக்குத்தில் அவளுக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. பயமுறுத்துவதற்கு நம்பிக்கை எதற்கு? முதலில் வந்து மாட்டியவர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் கொளஞ்சி.

"பதினேழு கொறைஞ்ச வெலைக்கு வருமாமே?"

"வரும்ணா. ஆனா தெரு நேரா வந்து குத்துது பாருங்க. எங்க தெருவுல இப்படித்தான் ஒரு வூடு. குடி வந்த வருஷமே வூட்டுக்காரரு கால ஒடிச்சிக்கினாரு."

கால் ஒடிந்தது பொய்யில்லை. முருங்கை மரத்திலிருந்து விழுந்தார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அடுத்து வந்த செல்வாம்பாளுக்கு ஒரு விவாகரத்தையும் சேர்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் வாய் கூசவேயில்லை.

கடன் ஆகிவிட்டது என்று பாங்கிலிருந்து போன் வந்த அன்றே தெய்வசிகாமணியின் அறைக்கு ஓடினாள். மனிதர் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. கொளஞ்சி எல்லாத்தையும் சொன்னாரு. மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. தெரிஞ்சே ஒரு குடும்பத்த அதுல குடி வச்சா அந்தப் பாவம் சும்மா வுடுமா? படம் இன்னும் அனுமதிக்கு ஆபீசுக்குப் போவல இல்ல? பின்னாடி விட்ட பூங்காவ பதினேழுல கொண்டாந்து வை. பக்கத்து மனைங்களயும் சேத்துக்க. பூங்காவ தெரு குத்துனா இன்னா?"

விதிப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிந்துஜா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"சார், அத நான் வாங்கிக்கிறேன்."

"உனக்கா? புள்ளகுட்டிக்காரி நீ. செத்தாலும் எழுதித் தர மாட்டேன்."

"நான் சொன்னது அத்தனையும் பொய் சார்!"

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னு இன்னாமா பேசுற பாரு. போம்மா, போய் படத்த மாத்து."

மாற்றினாள். தன் கையாலேயே அந்த மனையின் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பச்சை நிறத்தை நிரப்பி, நடுவில் பூங்கா என்று எழுதும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி, "அழாதம்மா, இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார்.