மலையடியில் ஒரு கறை

மனைவி பாதியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த படம் அது. ஜன்னலிலிருந்து தெரியும் சாலை, இருபுறமும் வீடுகள், கடைசியில் மலை. எல்லாம் பென்சிலில். சாலையோர விளக்குக் கம்பங்கள் மட்டும் பாக்கி. அவற்றுக்காக அவள் இழுத்திருந்த மெல்லிய கோடுகள் தூரத்தில் ஒரே புள்ளியில் கூடின. முடித்து, மாலையில் சட்டம் போடக் கொடுக்க வேண்டும். மகள் போன பிறகு மாமியார் வாய்விட்டுக் கேட்டது இந்தப் படம் ஒன்றைத்தான்.

கட்டட வரைபடம் போடுகிறவனுக்குக் கம்பம் ஒரு பெரிய விஷயமா? ஸ்கேலை வைத்தான். கிட்டே இருப்பது உயரமாகவும் கருப்பாகவும், போகப் போகக் குட்டையாகவும் வெளிறியும். ஒன்றும் பிசகவில்லை.

மச்சினி எட்டிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

"அடேயப்பா! என்ன விறைப்பா நிக்குதுங்க. அட்டென்ஷன் சொன்னீங்களா மாமா?"

"டீ போடப் போறியா, வாயடிக்கப் போறியா?"

"ரெண்டும் சேர்ந்தே நடக்கும்." சமையலறைக்குள் போனாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. மலையடியில் சாம்பலாய் ஒரு தீற்றல். கை பட்ட கறை. அலுவலகத்தில் ஒரு விரல்தடம் இருந்தாலே தாள் திரும்பி வந்துவிடும். கை தானாக ரப்பரை எடுத்தது. பூப்போல ஒற்றித் துடைத்தான். மங்கியிருந்த மலையின் அடிக்கோட்டையும் கூராக அழுத்தி வரைந்தான். பளிச்சென்று ஆனது.

தள்ளி வைத்துப் பார்த்தான். மலை தூரத்தில் இல்லை. கடைசி வீட்டு மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

டம்ளரோடு வந்த மச்சினி நின்றுவிட்டாள்.

"மாமா... பனி எங்க?"

"எந்தப் பனி?"

"மலையடியில. அக்கா விரலால தேய்ச்சு வச்சிருந்தாளே."

"அழுக்குன்னு நினைச்சேன்."

மச்சினி டம்ளரை மேசை ஓரமாக வைத்தாள்.

பென்சில் பொடியைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். திட்டாகப் படிந்தது. அழித்துவிட்டு மறுபடி தேய்த்தான். பளபளத்தது. இன்னொரு முறை அழித்தான். தாள் நார் நாராக எழுந்தது. எந்த விரலால் தேய்த்தாள்? எவ்வளவு அழுத்தினாள்? கேட்க ஆளில்லை.

"விட்டுடுங்க மாமா. கண்ணாடி போட்டா தெரியாது."

"தெரியும்."

"அம்மாவுக்குத் தெரியாது."

மேசையில் கிடந்த ரப்பர் பிசிறுகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தான். அவள் தேய்த்த பொடியும் அதில்தான் இருந்தது, அவன் தேய்த்ததும் அதில்தான் இருந்தது. பிரிக்க வழியில்லை. கையைத் தட்டவும் மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.