குழி குடித்த தண்ணீர்

தையல்காரர் இறந்த வீட்டில், அவர் தாடையைக் கட்ட ஒரு முழம் துணி அகப்படவில்லை. சின்ன மகள் அலமாரியைக் குடைந்தாள், மிஷின் பெட்டியைக் கவிழ்த்தாள். பித்தான்கள்தான் உருண்டோடின. மூட்டை மூட்டையாகக் கிடந்த வெட்டுத் துணியெல்லாம் எங்கே மாயமானதோ. கடைசியில் தன் துப்பட்டாவையே கிழித்துக் கட்டினாள். அப்பாவின் வாய் மூடிக்கொண்டது. அவளைப் பொறுத்தவரை அது மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது.

சண்டை இடத்துக்காக. கிணற்றை ஒட்டிய பள்ளத்தில் அவள் வீடு கட்ட நினைத்தாள். அப்பா அங்கே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீரை நிரப்பினார். மறுநாளும் அது அப்படியே நின்றது.

"களிமண்ணும்மா. இங்க செப்டிக் டேங்க் போட்டா அழுக்குத் தண்ணி மண்ணுல இறங்காது. கிணத்துக்குத்தான் போகும். அதையே நீயும் உன் பிள்ளையும் மொண்டு குடிப்பீங்க."

"அப்ப மேட்டைக் குடுங்க."

"அங்க ரோஜா இருக்கே."

"செடிக்கு இருக்கற இடம் எனக்கு இல்லையாக்கும்."

அப்பா ஊசியில் நூல் கோத்தார். அன்றோடு பேச்சு நின்றது.

அக்காள் புருஷனுக்கு மட்டும் பள்ளத்தைப் பற்றி மாற்றுக் கருத்து உண்டு. பொறியாளர் அலுவலகத்தில் சாமான் அறைச் சாவி வைத்திருந்தவர். ஊர் அவரை இன்ஜினியர் என்று அழைத்தது, அவரும் ஊரின் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை. செருப்பு முனையால் மண்ணைத் தட்டிப் பார்த்து, "தாராளமா போடலாம்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

இன்று காலை அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். உடம்பைத் துடைக்கும்போது அவர் நகக்கண்ணில் சிவப்பாக மணல் இருந்தது. பள்ளத்து மண் சாம்பல் நிறம். அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்க விட்டால்தானே.

"சின்னவளே! மாமா காலடியில வைக்க நாலு ரோஜா பறிச்சிட்டு வா. நல்லதா பாத்து!" கூடத்திலிருந்து இன்ஜினியர் ஆணையிட்டார். சாவு வீட்டில் அவருக்குத் தனிக் களை வந்துவிடும்.

மேட்டில் பாத்தி இருந்தது, செடிகள் இல்லை. எல்லாம் வேரோடு பெயர்க்கப்பட்டுச் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் வேர்மண்ணையும் வெட்டுத் துணியால் பொதிந்து, பிரியாமல் தையலும் போட்டிருந்தது. நெருக்கமான, நேரான தையல். பாத்தி நடுவே ஒரு குழி. அதில் அப்பாவின் அளவுக்கட்டை செங்குத்தாக நின்றது.

குழியைச் சுற்றி உறவினர்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வெட்டுனது? நல்ல யோசனை" என்றார் ஒரு பெரியவர், வாளியைக் கவிழ்த்தபடி.

பின்னாலேயே வந்த இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "ஜனம் வரும், தண்ணி வாசல்ல தேங்கக்கூடாது பாருங்க. நான்தான் சொல்லி வெச்சேன்."

"எப்ப அத்தான் சொன்னீங்க?"

"ம்... சொல்லணும்னு நெனச்சேன். மாமாவுக்கே தோணியிருக்கு."

"அவரு சாவுக்குக் கை கழுவ அவரே குழி வெட்டினாராக்கும்?"

பெரியவர் இருமினார். இன்ஜினியருக்குக் கூடத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனை வாளி கொட்டினார்களோ, அடியில் சிவப்புச் சரளை மண் ஈரமாக மினுங்கியதே தவிர, ஒரு கை தண்ணீர்கூட நிற்கவில்லை.

சாயங்காலம், அப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பியவர்களும் அங்கேயே கழுவிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்தது. அவள் இரண்டு வாளிகளில் தண்ணீர் இறைத்து வந்தாள். ஒன்றைக் குழியில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். கட்டையில் அப்பா சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். தண்ணீர் முதல் கோட்டை விட்டு இறங்கியது. பிறகு அடுத்த கோட்டை.

"அங்க என்னம்மா பண்றே?" உள்ளேயிருந்து இன்ஜினியர் குரல் கொடுத்தார்.

"தண்ணி இறங்குது அத்தான்."

"இறங்காம? நான் அன்னிக்கே சொன்னேனே!"

 சுவரோரம் செடிகளின் துணிப் பொதிகள் காய்ந்து விறைத்திருந்தன. இரண்டாவது வாளியை எடுத்துக்கொண்டு போய், முதல் செடியிலிருந்து நனைக்கத் தொடங்கினாள்.